வாசகர் கேள்வி: ஊதுபத்தி டிராகன்

கேள்வி: ஹாங்காங்கின் தாய் ஹாங் பகுதியில் ஊதுபத்தி செருகிய டிராகனைத் தூக்கி ஆடுகிறார்களே, எப்படிக் கட்டுகிறார்கள்? எங்கள் ஊர்த் திருவிழாவுக்குச் சிறிதாக ஒன்று செய்யலாமா? (வாசகி, கோத்தகிரி)

பதில்: செய்யலாம். 1880இல் கொள்ளைநோயை விரட்ட ஆடத் தொடங்கியதாக அவ்வூரார் சொல்கிறார்கள். இலையுதிர்கால நிலா விழாவில் மூன்று இரவுகள் ஆட்டம். 67 மீட்டர் நீளம். சுமார் 300 பேர் முறைமாற்றித் தூக்குகிறார்கள். தலைக்குப் பிரம்புச் சட்டம், தகரப் பல், டார்ச் விளக்குக் கண். உடல், தடித்த கயிற்றில் சுற்றிய உலர்புல். அந்தச் சுற்றில்தான் எல்லாம் இருக்கிறது. தளர்ந்தால் ஓடும்போது பத்தி உதிர்ந்து ஆள்மேல் விழும்.

உங்களுக்கு 5 மீட்டர் போதும். பூஜைக்கு வாங்கும் மெல்லிய பத்தி முறியும். மூங்கில் குச்சியுள்ள தடித்த பத்தியே வேண்டும். மருந்து பூசாத அடிக்குச்சி முழுவதும் உள்ளே போகட்டும். கனல் புல்லைத் தொடுமுன் எரிந்து குறுகியதைப் பிடுங்கிப் புதியதைச் செருகுங்கள். மலைப் பனியில் பத்தி நமத்துவிடும். மூடியுள்ள டின்னில் வையுங்கள். ஆடுபவர்கள் பருத்தி உடையே உடுத்த வேண்டும், நைலான் கூடவே கூடாது. பக்கத்தில் நனைத்த சாக்கும் தண்ணீர் டிரம்மும் இருக்கட்டும். பிப்ரவரி, மார்ச்சில் புல் காய்ந்திருக்கும், காட்டோரம் ஆடவே வேண்டாம்.