கொட்டுகிறதா, உடைகிறதா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முடியைப் பற்றியவை. "என் முடி ரொம்ப மெலிசு, இருப்பதும் போகிறது" என்று எழுதியவர்களே அதிகம். நான்கு கேள்விகளை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: டாக்டர், எனக்குச் சின்ன வயதிலிருந்தே எலிவால் சடைதான். ஆனி மாதம் டெங்கு வந்து பத்து நாள் படுத்திருந்தேன். இப்போது புரட்டாசியில் தலையில் கை வைத்தாலே கொத்தாக வருகிறது, வேரோடு வருகிறது. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, ஷாம்பூவை மாற்று என்கிறார் அம்மா. மூன்று ஷாம்பூ மாற்றியாகிவிட்டது. எல்லாம் போய்விடுமா? (வாசகி, வயது 27, விழுப்புரம்)

பதில்: போகாதும்மா. முதலில் ஒரு வேலை செய்யுங்கள். நாளைக்குச் சீவும்போது விழுகிற முடியில் பத்துப் பதினைந்தை எடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளையாக ஒரு முடிச்சு தெரியும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் "வேரோடு வந்துவிட்டது" என்று பயப்படுகிறார்கள். அது வேர் இல்லை, ஓய்வுக்குப் போன முடியின் அடிமுனை. வேர் தோலுக்குள்ளே பத்திரமாக இருக்கிறது, அங்கிருந்துதான் அடுத்த முடி வரும்.

ஒவ்வொரு முடியும் சில வருடங்கள் வளர்ந்து, பிறகு இரண்டு மூன்று மாதம் சும்மா இருந்து, அப்புறம் விழும். சாதாரண நாளிலேயே 50 முதல் 100 முடி வரை விழுவது இயல்பு, வாரம் ஒருமுறை தலைக்குக் குளிப்பவர்களுக்கு அத்தனை நாள் சேர்ந்தது ஒரே நாளில் வரும். கடும் காய்ச்சல், டைபாய்டு, ஆபரேஷன், பட்டினி கிடந்து எடை குறைப்பது, இப்படி உடம்பு ஆடிப்போகும்போது நிறைய முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. அவை விழுவது உடனே இல்லை, இரண்டு மூன்று மாதம் கழித்து. ஆனியில் காய்ச்சல், புரட்டாசியில் கொட்டல், உங்கள் கணக்கு சரியாகவே பொருந்துகிறது. பிரசவத்துக்குப் பிறகு நடப்பதும் இதுவேதான். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அந்தப் பாட்டிமார்கள் காரணத்தைத்தான் மாற்றிச் சொன்னார்கள், மாதத்தைச் சரியாகக் கணித்திருக்கிறார்கள்.

அதனால் ஷாம்பூ மேல் பழி வேண்டாம், நான்காவது வாங்கவும் வேண்டாம். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் நின்றுவிடும். நெற்றி ஓரத்தில் பூனைமுடி போலக் குட்டைக் குட்டையாக எழும்பி நிற்பதைப் பார்த்தீர்களென்றால் திரும்பி வருகிறது என்று அர்த்தம். மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், எனவே அந்தப் பூனைமுடி தோளைத் தொட இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். இந்த இடைவெளியில்தான் பெண்கள் மனம் உடைந்து விளம்பரத்தில் வருவதையெல்லாம் வாங்குகிறார்கள், எனக்கு வருத்தமே அதுதான்.

ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லையென்றால் இரத்தப் பரிசோதனை தேவை. ஹீமோகுளோபின் மட்டும் போதாது, ஃபெரிட்டினும் தைராய்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் நன்றாக இருக்கும்போதே உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம், அதை ஃபெரிட்டின்தான் காட்டும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதாவது பாதிப் பேருக்கு மேல்! முருங்கைக்கீரை சாப்பிடுங்கள், கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருக்கட்டும், சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் இரும்பு உடம்பில் சேர்வது குறையும். ஆனால் இரும்பு மாத்திரையை நீங்களாகத் தொடங்காதீர்கள். முடிக்கென்று விற்கிற பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போடுபவர்கள் இரத்தம் கொடுக்கும் முன் அதைச் சொல்லிவிட வேண்டும், தைராய்டு முடிவையே அது தப்பாகக் காட்ட வைக்கலாம்.

கேள்வி: எனக்குக் கொத்தாக எதுவும் கொட்டவில்லை. ஆனால் தங்கை மகள் கல்யாண போட்டோவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வகிடு இவ்வளவு அகலமாகிவிட்டதா என்று. பூ வைத்தால் ஹேர்பின் நிற்பதில்லை. அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது. (வாசகி, வயது 46, மேடவாக்கம்)

பதில்: இது வேறு கதை. முன்நெற்றி ஓரம் அப்படியே இருக்க, வகிட்டிலும் உச்சியிலும் மட்டும் முடி ஒவ்வொரு சுற்றிலும் முந்தினதைவிட மெலிசாக வளர்வது, பெரும்பாலும் பரம்பரையாக வருகிற முடி மெலிதல். இது தானாகத் திரும்பாது. ஆனால் சீக்கிரம் பிடித்தால் நிறுத்தலாம், ஓரளவு மீட்கலாம், அதனால் ஒரு தோல் மருத்துவரை நேரில் பாருங்கள். மாதவிடாய் தாறுமாறாக வருவது, முகவாயில் முடி முளைப்பது இருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

மினாக்ஸிடில் என்ற மருந்தை அவர் எழுதித் தரக்கூடும். இரத்த அழுத்தத்துக்காக வந்த மாத்திரை அது, சாப்பிட்டவர்களுக்கு முடி வளர்ந்ததைக் கண்டுதான் பிற்பாடு தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். தடவ ஆரம்பித்த முதல் சில வாரங்களில் பலருக்கு முடி இன்னும் அதிகமாகக் கொட்டும். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது கிளம்புகிறது என்பதால் அப்படி. யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பலர் இந்தக் கட்டத்திலேயே பயந்து பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் வளர்ந்ததும் சில மாதங்களில் போய்விடும். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் தொடக்கூடாது. தடவிய கையைக் கழுவாமல் முகத்தைத் தொட்டால் அங்கேயும் முடி வளரலாம்.

பூவை வகிட்டுக்குப் பக்கத்தில் குத்தாமல் பின்னலின் நடுவில் செருகிக்கொள்ளுங்கள். வகிட்டை அவ்வப்போது இடம் மாற்றி எடுங்கள், கொஞ்சம் மறையும்.

கேள்வி: மகளுக்கு நான்கு வயது, முடி பஞ்சு மாதிரி இருக்கிறது. இரண்டு மொட்டை அடித்தாகிவிட்டது, மூன்றாவதும் அடித்தால்தான் அடர்த்தியாக வரும் என்கிறார் மாமியார். (வாசகி, நாமக்கல்)

பதில்: வேண்டுதல் என்றால் அடியுங்கள், புது பிளேடா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அடர்த்திக்காக என்றால் வேண்டாம். தானாக வளர்ந்த முடியின் நுனி ஊசி போலக் கூர்ந்திருக்கும், மழித்த பிறகு வருவது வெட்டுப்பட்ட மொட்டை நுனியோடு வருவதால் கைக்குத் தடிமனாகத் தெரிகிறது, அவ்வளவுதான். வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, கத்தி அங்கே போவதில்லை. குழந்தை காதுபட "எலிவால்" என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இருபது வயதிலும் அதைச் சொல்லி அழுகிற பெண்களைப் பார்க்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊரில் போர் தண்ணீர், ஒரே உப்பு. வாரம் ஒருமுறை எண்ணெய் வைத்துச் சீயக்காய் போட்டுக் குளிக்கிறேன். காய்ந்ததும் முடி நைலான் கயிறு மாதிரி ஆகிவிடுகிறது, நுனியெல்லாம் அறுந்து விழுகிறது. மெலிசாகத் தெரியக்கூடாது என்று தினமும் சவுரி வைத்து இறுக்கிப் பின்னிக்கொள்கிறேன். (வாசகி, வயது 33, ராமநாதபுரம்)

பதில்: நீங்களும் அந்த வெள்ளைத்தாள் வேலையைச் செய்யுங்கள். துண்டு துண்டாக, முனையில் வெள்ளை முடிச்சு இல்லாமல் இருந்தால் உங்களுக்கு முடி கொட்டவில்லை, உடைகிறது. இதற்கு மாத்திரை தேவையில்லை, கை பழக்கத்தை மாற்றினால் போதும்.

உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடிமேல் படிந்து சொரசொரப்பாக்கும், ஆனால் வேரை ஒன்றும் செய்யாது. முழுக் குளியலுக்கும் நல்ல தண்ணீர் எங்கே போவது? கடைசியாக அலசும் இரண்டு செம்பு மட்டும் குடிதண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ இருந்தால் போதும். குளிக்கும் சோப்பைத் தலைக்குப் போடாதீர்கள், உப்புத் தண்ணீரில் அது பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். சீயக்காயை விட வேண்டாம், ஆனால் மெல்லிய முடியில் அந்தத் திப்பியைத் தேய்ப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போல. வடிகஞ்சியில் கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, தெளிந்த நீரை மட்டும் விடுங்கள்.

எண்ணெயில் எனக்குப் பிடித்தது தேங்காய் எண்ணெய்தான், பழக்கத்தால் சொல்லவில்லை. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள், முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான், அது முடிக்குள்ளேயே இறங்குகிறது. குளிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு ஒரு டீஸ்பூன் எடுத்து நடுமுடியிலிருந்து நுனி வரை தடவுங்கள். ஆனால் எண்ணெய் புது முடியை முளைக்க வைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பொடுகு இருந்தால் மண்டையில் தேய்க்காதீர்கள், அது கூடும். விளக்கெண்ணெய் உங்கள் முடிக்குக் கனம், சிக்குப் பிடித்துவிடும்.

ஈர முடி இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டு அறுந்துவிடும். தலையைக் குனிந்து துண்டால் சாட்டை அடிப்பதுபோல் தட்டி உலர்த்துகிறோமே, நுனி பிளவுபடுவதில் பெரும்பங்கு அங்கேதான். ஈரிழைத் துண்டால் ஒற்றி எடுத்து, அதிலேயே கால் மணி நேரம் சுற்றி வையுங்கள். அப்புறம் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்துக்கொண்டு வாருங்கள், உச்சியிலிருந்து ஒரே இழுப்பு இழுக்காதீர்கள்.

சவுரிதான் எனக்குப் பெரிய கவலை. தினமும் அந்தக் கனமும் இறுக்கமும் நெற்றி ஓரத்து, காதோரத்து முடியை இழுத்துக்கொண்டே இருந்தால், வருடக்கணக்கில் அந்த இடத்து வேரே செத்துப்போகும், அதற்குப் பிறகு எந்த மருந்தும் திருப்பித் தராது. பின்னியதும் நெற்றி ஓரம் வலித்தாலோ சின்னக் கொப்புளம் வந்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். வீட்டில் இருக்கும்போது தளரப் பின்னி, துணி சுற்றிய ரப்பர் பேண்டு போட்டுக்கொள்ளுங்கள். சவுரி கல்யாணம், திருவிழாவுக்கு இருக்கட்டும், வீட்டுக்கு வந்ததும் புடவையை மாற்றும் முன்னே அதைக் கழற்றிவிடுங்கள்.