பம்பை நிறுத்தியதும் டிசிஇ ஏன் மறுபடி ஏறுகிறது?

பம்பு மேலும் ஆய்வகம் மேலும் பழி போடாதீர்கள். மாசுபட்ட நிலத்தடி நீரை இரண்டு வருஷம் இறைத்துச் சுத்தமான கிணற்றில், நிறுத்திய மூன்றே மாதத்தில் டிசிஇ (ட்ரைகுளோரோஎத்திலீன், பட்டறைகளில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் கரைப்பான்) ஏறுகிறது என்றால், பெரும்பாலும் களிமண்தான் காரணம். பட்டறையில் சிந்திய இந்தக் கரைப்பான் தண்ணீரைவிடச் சுமார் 1.46 மடங்கு கனம். கீழே இறங்கிக் களிமண் மேல் தேங்கி, உள்ளே ஊறியிருக்கும். பம்பு இழுத்தது மணலில் ஓடும் நீரைத்தான்; ஊறியதை இப்போது களிமண் மெல்லக் கக்குகிறது.

மணலும் களிமண்ணும் சேரும் ஆழத்தில் மண் உருளை எடுத்து, அரை அடிக்கு ஒரு மாதிரி பாருங்கள். எடுத்த உடனே மெத்தனால் ஊற்றிய குப்பியில் போடுங்கள். பையில் கட்டி வைத்தால் ஆவியாகி, அளவு பொய்யாகக் குறையும். களிமண்ணில் அதிகம் இருந்தால் இன்னும் இறைப்பது கரண்ட் பில்லுக்குத்தான்.

ஆனால் களிமண்ணைத் தாண்டித் துளை போட்டுவிடாதீர்கள். அடியில் உள்ள நல்ல நீருக்கும் நஞ்சு இறங்கிவிடும்.