ஆறு ஃபேன் ஓடியும் புழுக்கம் போகவில்லை

கேள்வி: வணக்கம் ஐயா. பரந்தனில் அரிசி ஆலை வைத்திருக்கிறோம். 100 அடி நீளம், 60 அடி அகலம், தகரக் கூரை. நெல் அவிப்பதும் உள்ளேதான். சித்திரை மத்தியானத்தில் உள்ளே நிற்கவே முடியாது, வேலைக்கு வரும் பொடியள் இரண்டே நாளில் நின்றுவிடுகிறார்கள். போன வருடம் ஆறு எக்ஸோஸ்ட் ஃபேன் பூட்டியும் கரண்ட் பில் கூடியதுதான் மிச்சம். இப்போது இன்னும் நான்கு பூட்டச் சொல்கிறார்கள். பூட்டலாமா?

பதில்: பொறுங்கள். முதலில் ஆறையும் ஓடவிட்டு, ஜன்னல்களை வழமைபோலவே வைத்து, சிறிய கதவை ஒரு விரல் அளவு திறந்து அந்த இடுக்கில் ஒரு ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை சீறிக்கொண்டு உள்ளே இழுபட்டால் உங்கள் ஃபேன்கள் காற்றில்லாமல் தவிக்கின்றன, இன்னும் நான்கு பூட்டினால் பத்தும் சேர்ந்து தவிக்கும். புளியங்குளம் பக்கம் ஒரு ஆலையில் நான் கண்டது: தூசி வருகிறதென்று தென்மேற்கு ஜன்னல் முழுவதையும் சாக்குப் போட்டு அடைத்துவிட்டு எட்டு ஃபேன் ஓட்டினார்கள். வெளிப்பக்கம் திறக்கும் சின்னக் கதவைத் தள்ள இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதைவிட மோசம், உமி அடுப்பின் புகை புகைபோக்கியால் போகாமல் ஆலைக்குள்ளேயே திரும்பி வந்தது. அது ஆளைக் கொல்லக்கூடிய விஷயம்.

சரி, கணக்குப் பார்ப்போம். ஒரு கன மீற்றர் காற்று ஒரு பாகை சூடாக ஏறத்தாழ 1.2 கிலோஜூல் வேண்டும். அடுப்பு, நீராவிக் குழாய், மோட்டர் எல்லாம் சேர்ந்து 60 கிலோவாட் வெப்பத்தை உள்ளே விடுகின்றன என்று வையுங்கள். வெளியே இருப்பதைவிட 5 பாகைக்கு மேல் உள்ளே ஏறக்கூடாதென்றால் செக்கனுக்கு 10 கன மீற்றர் காற்று வந்து போக வேண்டும். அது ஆறுதலாக, செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் நுழைய 10 சதுர மீற்றர், அதாவது 100 சதுர அடிக்குச் சற்று மேல், திறப்பு தேவை. நிலத்துக்குக் கிட்ட அவ்வளவு இருக்கிறதா?

ஆகவே, காசை ஃபேனில் போடாமல் தென்மேற்குச் சுவரின் கீழ்ப்பகுதியைத் திறந்து வலை அடியுங்கள், சோளகம் (தென்மேற்குக் காற்று) தானாக உள்ளே வரும். அந்தச் சுவரில் ஏற்கெனவே ஃபேன் இருந்தால் எதிர்ப்பக்கம் மாற்றுங்கள், அது காற்றோடு மல்லுக்கட்டுகிறது. அப்புறம் முகடு. முகட்டுத் தகரத்தை ஒரு அடி உயர்த்தி, மழை அடிக்காதபடி இருபுறமும் அகலமாக இறக்கினால், மேலே ஏறும் சூடு கரண்ட் இல்லாமலே வெளியே போகும். சித்திரையில் இலைகூட அசையாத நாளிலும் இது வேலை செய்யும். (உங்களுடையது தகரம், நல்லது. அஸ்பெஸ்டஸ் சீற் வைத்திருப்பவர்கள் வாள் போட்டு அறுக்கவே வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலைத் தின்றுவிடும்.) கூரைக்கு வெள்ளை பூசினாலும் வெயில் சூடு குறையும்.

அவிக்கும் தொட்டிக்கு நேர் மேலே ஒரு தகரக் கூடு போட்டு, குழாயால் ஆவியைக் கூரைக்கு மேலே விடுங்கள். சூடு ஆலை முழுக்கப் பரவிய பிறகு துரத்துவதைவிடப் பிறக்கும் இடத்திலேயே பிடித்தால் மிகக் குறைந்த காற்றே போதும். மேலே எதுவும் சுற்றாமல் கிடக்கும் நீராவிக் குழாய்க்கு கண்ணாடிநார் சுற்றுங்கள், உமியும் மிச்சம்.

கேள்வி: தம்பி ரொறன்ரோவில் ஒரு பெரிய களஞ்சியத்தில் வேலை. அங்கே பனிக்காலத்திலும் கூரையில் 24 அடி ஃபேன் சுற்றுகிறதாம், அதனால் ஹீற்றர் செலவு குறைகிறதாம். ஃபேன் எப்படிச் சூடு தரும்? மல்லாவியில் எங்கள் நெல் களஞ்சியத்துக்கும் ஒன்று வாங்கலாமா?

பதில்: ஃபேன் சூடு தருவதில்லை. உயரமான கட்டடத்தில் ஹீற்றர் தந்த சூடெல்லாம் கூரைக்குக் கீழே போய்த் தங்கும், ஆட்கள் நிற்கும் தரை குளிரும். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றி அந்தச் சூட்டைக் கீழே இறக்குகிறது, ஹீற்றர் குறைய எரிந்தால் போதும். மெதுவாகச் சுற்றுவதில்தான் லாபம்: வேகத்தைப் பாதியாக்கினால் ஃபேன் இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ எட்டில் ஒன்றாகிவிடும்.

மல்லாவியில் கீழே இறக்க என்ன சூடு? கோடையில் அந்த ஃபேன் காற்றைக் குளிராக்காது, வியர்வையைக் காயவைத்துத்தான் நமக்குக் குளிர்ச்சி தரும். நெல் மூட்டைக்கு வியர்ப்பதில்லை.