ரத்தம் போகும் வழியைச் சொல்லு, பிறகு மருந்தைச் சொல்லு: பார்மசி மாணவர் கேள்வி பதில்

அரசு ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலுக்குப் பின்னால் 31 வருஷம் நின்றவள் நான். இப்போது வாரம் இரண்டு நாள் டி.பார்ம் வகுப்பு எடுக்கிறேன். ரத்த ஓட்டம், ஆன்டிபயாடிக் இரண்டையும் பற்றிக் கேளுங்கள். சொந்த வைத்தியத்துக்கு டாக்டரைப் பாருங்கள்.

நுரையீரல் தமனியையும் சிரையையும் ஒவ்வொரு டெஸ்ட்டிலும் மாற்றி எழுதிவிடுகிறேன் மேடம். (டி.பார்ம் முதல் ஆண்டு, திருச்செங்கோடு)

படத்திலிருக்கும் சிவப்பு, நீலத்தை மறந்துவிடு கண்ணு. இதயத்தை விட்டுக் கிளம்பினால் தமனி, இதயத்துக்குத் திரும்பினால் சிரை. உள்ளே ஓடுவது எந்த ரத்தம் என்பது அப்புறம். இன்னொன்று, 'அசுத்த ரத்தம்' என்று எழுதாதே. ஆக்சிஜன் குறைந்த ரத்தம், அவ்வளவுதான். சாக்கடைத் தண்ணியா அது?

அமாக்சிசிலின் கேப்சூலாக வருகிறது. ஜென்டாமைசின் மட்டும் ஏன் ஊசி? (பி.பார்ம், சேலம்)

வாங்க, இப்படிக் கேட்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கேப்சூலின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். சிறுகுடலில் உறிஞ்சப்பட்ட மருந்து போர்ட்டல் சிரையில் ஏறி முதலில் கல்லீரலுக்குப் போகும். அங்கிருந்து கீழ்ப்பெருஞ்சிரை, இதயத்தின் வலது பக்கம், நுரையீரல், இதயத்தின் இடது பக்கம், மகாதமனி. காதுவலிக்குச் சாப்பிட்ட கேப்சூல் என்றால், இத்தனையும் சுற்றிய பிறகுதான் மருந்து காதுக்கு வந்து சேரும்.

கல்லீரல் ஒரு சுங்கச்சாவடி. அமாக்சிசிலின் பெரிய நஷ்டமில்லாமல் தாண்டிவிடும். நைட்ரோகிளிசரினை விழுங்கினால் பெரும்பகுதி அங்கேயே சிதைந்துவிடும். நெஞ்சுவலிக்காரருக்கு அதை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வது அதனால்தான். அந்த இடத்து ரத்தம் கல்லீரலுக்குப் போகாமல் நேரே இதயத்துக்குப் போகிறது.

ஜென்டாமைசினோ சாவடி வரைக்கும்கூட வராது. மின்னூட்டம் மிகுந்த மூலக்கூறு, குடல் சுவரைத் தாண்டாது. விழுங்கினால் மலத்தோடு போய்விடும். இந்தக் குறையே சில சமயம் குணமாகிவிடும். வான்கோமைசினும் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. குடலுக்குள்ளேயே இருக்கும் சி. டிஃபிசில் கிருமிக்கு அதை வேண்டுமென்றே வாய்வழி கொடுக்கிறார்கள்.

சிரையில் ஏற்றினால் என்ன ஆகும்? இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் சுமார் 70 மி.லி., நிமிஷத்துக்கு 72 துடிப்பு. பெருக்கினால் 5 லிட்டர். உடம்பின் மொத்த ரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான். தப்பான மருந்து ஏறிவிட்டால் ஒரு நிமிஷத்தில் உடம்பு முழுக்கச் சுற்றிவிடும்.

ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. சீழ்க்கட்டியை முதலில் கீறி வடிக்கச் சொல்வது ஏன் என்று இப்போது நீங்களே எழுதலாம்.

முக்கியமான 5 மார்க் கேள்விகள் சொல்லுங்க மேடம்.

கேள்வித்தாள் நான் எடுப்பதில்லை.

பென்சிலின் கிருமியைக் கொல்லும்போது நம்ம செல்லை ஏன் விட்டுவிடுகிறது?

அது உடைப்பது செல்சுவர் கட்டும் வேலையை. நமக்குச் செல்சுவரே கிடையாது. மைக்கோபிளாஸ்மா என்ற கிருமிக்கும் கிடையாது, அதனால் அதனிடம் பென்சிலின் பலிக்காது. இந்த இரண்டாவது வரியையும் எழுதினால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

தங்கச்சிக்கு மூன்று நாளாகச் சளி. அசித்ரோமைசின் 500 கொடுக்கலாமா?

டாக்டரைக் கேளுங்கள். சளி பெரும்பாலும் வைரஸ், ஆன்டிபயாடிக் அதனிடம் பலிக்காது. கவுன்ட்டரில் இரண்டு மாத்திரை கிழித்துக் கொடுக்கும் பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே விட்டுவிடுங்கள்.

'கோர்ஸை முழுசா முடிக்கணும், இல்லேன்னா கிருமி மருந்துக்குப் பழகிடும்' என்று வகுப்பில் சொல்கிறார்கள். அது பழைய கதை என்று 2017-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்துவிட்டதே? (பார்ம்.டி, சென்னை)

தம்பி வம்புக்கு வந்திருக்கிறார். பாதி சரி.

அந்தப் பேச்சின் வேர், பென்சிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங் 1945 டிசம்பரில் ஆற்றிய நோபல் உரை வரைக்கும் போகிறது. தொண்டைவலிக்காரர் ஒருவர் தானாகவே குறைவாகப் பென்சிலின் எடுக்கிறார், கிருமி பழகிவிடுகிறது, அது தொற்றி அவர் மனைவி இறந்துபோகிறார் என்று ஒரு கற்பனைக் கதை சொன்னார். வேடிக்கை என்னவென்றால், அவர் கதையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் இன்றைக்கும் பென்சிலினுக்கு அடங்கித்தான் இருக்கிறது. தேவைக்கு மேல் நாள் நீட்டினால் பழகுவது, குடலிலும் தோலிலும் சும்மா இருக்கும் மற்ற கிருமிகள். அந்தக் கட்டுரையின் வாதமும் இதுதான்.

அப்படியானால் ஜுரம் விட்டதும் நிறுத்தலாம் என்கிறீர்களா? நாங்கள் கடையில் படாதபாடு பட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! (மருந்துக்கடைக்காரர், மதுரை)

அண்ணே, அப்படி நான் சொல்லவில்லை. எந்த நோய் என்று முதலில் கேளுங்கள். தேறிவரும் சாதாரண நிமோனியாவுக்கு 5 நாள் போதும் என்கிறார்கள். காசநோய்க்கு 6 மாதம். அங்கே நடுவில் விட்டால் பழகுவது அதே காசநோய்க் கிருமிதான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைவலிக்குப் பென்சிலின் 10 நாள், அது தொண்டைக்காக இல்லை, பின்னால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெடாமல் இருக்க. வால்விலேயே கிருமி உட்கார்ந்துவிட்டால் சிரைவழி 4 முதல் 6 வாரம். வால்வுக்கென்று தனி ரத்தக்குழாய் கிடையாதென்றே சொல்லலாம். கிருமியோ ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உருவாகும் புரத நார்) திட்டுக்குள் பதுங்கியிருக்கும். திரும்பவும் ரத்தம் போகும் வழிதான்.

சரி மேடம், கவுன்ட்டரில் என்ன சொல்லட்டும்? (அதே பார்ம்.டி)

சீட்டில் எத்தனை நாள் எழுதியிருக்கிறதோ அதைச் சொல். நடுவில் நிறுத்த நினைத்தால் எழுதிய டாக்டரிடம் கேட்கச் சொல். நாளைக் கூட்டவோ குறைக்கவோ நமக்கு உரிமை இல்லை. ஷெட்யூல் எச்1 (சீட்டில்லாமல் விற்கக் கூடாத, விற்றதைப் பதிய வேண்டிய மருந்துகளின் பட்டியல்) மருந்தென்றால் பதிவேட்டில் எழுது, 3 வருஷம் வைத்திரு. 2014 மார்ச் முதல் சட்டம் அது.

அசித்ரோமைசின் சளிக்கு…

மேலே படிக்கவும்.

ருமாட்டிக் இதய நோய்க் குழந்தைக்கு 21 நாளுக்கு ஒரு தரம் பென்சிலின் ஊசி போடுகிறார்களே, அது எப்படி அத்தனை நாள் நிற்கிறது? (பி.பார்ம், தஞ்சாவூர்)

பென்சாத்தின் பென்சிலின் கரையாத உப்பு. தசையில் கிடங்குபோலத் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கசியும். இதைச் சிரையில் போடவே கூடாது, இதயம் நின்றுபோகும். மருந்து எடுத்துக் கொடுக்கும்போதே 'தசையில் மட்டும்' என்று நர்ஸிடம் வாய்விட்டுச் சொல்வேன். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும்.

டாக்சிசைக்ளின் சாப்பிட்டுப் படுத்தேன், நெஞ்சுக்குள் எரிகிறது. இது ரத்த ஓட்டக் கோளாறா?

உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கியிருக்கலாம். டாக்டரிடம் காட்டு. அடுத்த வேளை எடுக்கச் சொன்னால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கு, அரை மணி நேரமாவது படுக்காதே.