நம்ம வெள்ளி (சிங்கப்பூர் டாலர்): கேட்டவர்களுக்குப் பதில்

ஈசூன் தம்பி: தாத்தா பெட்டியில் ஒரு கட்டு வாழைமர நோட்டு. என்ன விலை போகும்?

ஜப்பான்காரன் காலத்துப் பத்து வெள்ளியில் வாழைமரம் இருந்ததால் வந்த பெயர். கணக்கில்லாமல் அச்சடித்தான், 1945இல் சரணடைந்ததும் வெறும் காகிதமாகிவிட்டது. வரிசை எண் போட்ட நோட்டுக்கு ஓரளவு மதிப்புண்டு. எழுத்து மட்டும் இருந்தால் கதை சொல்லத்தான் ஆகும். இஸ்திரி போட்டு மடிப்பெடுக்காதீர்கள்.

பிடோக் வாசகி: 1965இல் மலேசியாவிலிருந்து பிரிந்தோம். வெள்ளி 1967இல்தான் வந்தது. ஏன் இந்தத் தாமதம்?

பிரிந்த பிறகும் ஒரே பணம் இருக்கட்டும் என்றுதான் இரு பக்கமும் பேசின. மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா இருவருக்கும் நோட்டு வெளியிடுவதாக யோசனை. முட்டிக்கொண்டது ஒரே இடத்தில்: நம் நோட்டுக்கு ஈடான கையிருப்பு யார் பேரில் இருப்பது? அண்ணன் தம்பியே ஆனாலும் பத்திரம் யார் பேரில் என்று கேட்போமே, அதே கதை. ஒத்துவரவில்லை. 1966 ஆகஸ்ட் 17இல் அவரவர் பணம் அவரவருக்கு என்று அறிவித்தார்கள். 1967 ஜூன் 12இல் ஆர்க்கிட் பூப் போட்ட நம் நோட்டு வந்தது. மலேசியா, புருணைப் பணத்தோடு ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

பிரிவதற்கு முன்பிருந்த பழைய நோட்டும் கூடவே புழங்கியது. அங்கேதான் வினை. நவம்பர் 18இல் பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 14.3 விழுக்காடு இறக்கியது. பவுண்டோடு கட்டியிருந்த பழைய நோட்டும் இறங்கியது, புதியது அசையவில்லை. அப்பா மைலோ டின்னில் எருமை உழுகிற பத்து வெள்ளி நோட்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றும் எட்டரை வெள்ளி ஆகிவிட்டது. அம்மா டின்னைத் திறந்து திரும்பத் திரும்ப எண்ணினார், எண்ணினால் கூடிவிடும் என்பதுபோல. பினாங்கில் இதற்காகக் கடையடைப்பு, கலவரமே நடந்தது.

ஜூரோங் அண்ணன்: இதெல்லாம் கோ கெங் சுவீயின் மூளை!

அவர் பெரிய மூளைதான். ஆனால் நோட்டு வந்தபோது நிதியமைச்சர் லிம் கிம் சான். கோ அப்போது தற்காப்பு அமைச்சர்.

தெம்பனிஸ்: வாழைமர நோட்டு...

மேலே பாருங்கள்.

ஜூரோங் அண்ணன் மறுபடி: ஒன்றுக்கு ஒன்று மாற்ற முடியுமென்றால் பிரித்தது வீண் பிடிவாதம்தானே? ஒரே பணமாக இருந்திருந்தால் ஜொகூருக்கும் நமக்கும் நல்லது!

இல்லை அண்ணே. ஒன்றுக்கு ஒன்று என்பது ஒப்பந்தம், வேண்டாமென்றால் விலகலாம். 1973 மே 8இல் மலேசியா விலகியது. புருணை இன்றும் இருக்கிறது, அதனால்தான் தேக்கா கடையில் புருணை நோட்டு நீட்டினாலும் வாங்கிக்கொள்கிறார்கள். கையிருப்பு அப்படியில்லை. பேர் மாறிப்போனால் மீட்க முடியாது. அன்று ஒவ்வொரு வெள்ளிக்கும் முழு ஈடு வைக்க வேண்டுமென்று சட்டம் போட்டது நம் பேரில் இருந்த சொத்தை நம்பித்தான். ஒரே பணமாக இருந்திருந்தால் ஜொகூருக்கும் நமக்கும் நல்லது என்கிறீர்கள். எல்லை தாண்டி ஜொகூருக்குப் பெட்ரோல் போடப் போகிறவர் ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்குமேல் வாங்கிக்கொண்டு இதைச் சொல்லக்கூடாது!

உட்லண்ட்ஸ்: பத்தாயிரம் வெள்ளி நோட்டு செல்லுமா?

செல்லும். 2014 அக்டோபரிலிருந்து புதிதாக வெளியிடுவதில்லை, அவ்வளவுதான்.

புக்கிட் பாத்தோக்: ஜப்பான் நோட்டு ஒன்று...

தம்பி!

செங்காங் அக்கா: மலாயா காலத்துச் சதுர ஒரு காசு கிடைத்தது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறேன். விற்கலாமா?

அக்கா, தேய்ப்பதற்கு முன்பு கேட்டிருக்கக்கூடாதா?