ரயில் மியூசியத்தில் பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள்?

வணக்கம் அம்மா,

லீவுக்கு டெல்லி போனபோது சாணக்கியபுரியில் இருக்கும் தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனோம். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நான்கு. ஒவ்வொரு எஞ்சினிடமும் நின்று பலகையில் இருந்ததை வாசித்துச் சொன்னேன். கொஞ்ச நேரத்திலேயே சின்னவன் குட்டி ரயில் வேண்டும் என்று அழ ஆரம்பித்துவிட்டான். பெரியவள் அங்கிருந்த யானை மண்டையோட்டைக் காட்டி, "இது ஏன்ப்பா இங்க இருக்கு?" என்றாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இந்த வயதில் கூட்டிப் போனது வீண்தானோ?

க., கோவை

அன்புள்ள க.,

வீணே இல்லை. பலகைகளை மட்டும் விட்டுவிடுங்கள். 1907 என்றால் நான்கு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? குட்டி ரயிலில் முதலிலேயே ஏற்றிவிட வேண்டும். அந்த ஆசை தீராமல் வேறு எதுவும் அவன் கண்ணில் படாது.

அப்புறம் ஒரே ஒரு நீராவி எஞ்சின் போதும். மின்சார எஞ்சினில் எல்லாமே பெட்டிக்குள் மூடிக் கிடக்கும். நீராவி எஞ்சின் அப்படியில்லை, தான் ஓடும் விதத்தை வெளியிலேயே காட்டிக்கொண்டு நிற்கும். சக்கரத்துக்குப் பக்கத்தில் பிள்ளையோடு குத்துக்காலிட்டு உட்காருங்கள். முன்பக்கம் உருளையாக இருப்பது சிலிண்டர். நீராவி அதற்குள் பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ளும். பிஸ்டனிலிருந்து வரும் இரும்புத் தண்டு பெரிய சக்கரத்தைச் சுற்றும். அங்கிருந்து இன்னொரு தண்டு மற்ற சக்கரங்களையும் சேர்த்து இழுக்கும். இதையெல்லாம் விரலால் தொடர்ந்து போய்க் காட்டலாம்.

சக்கரத்தின் ஒரு பக்கம் மட்டும் பிறை போல இரும்பால் அடைத்திருப்பதைப் பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். எதிர்ப்பக்கம் தண்டு மாட்டியிருக்கிறது இல்லையா, அந்தக் கனத்துக்கு ஈடுகட்டத்தான் இந்தக் கனம். வேலை செய்து முடித்த நீராவி புகைபோக்கி வழியாகப் போகும்போதுதான் அந்தக் 'குப் குப்' வரும். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு 'குப்'. இதைச் சொல்லிவிட்டால் சின்னவன் அன்று முழுக்க வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருப்பான்.

கால் வலிக்காமல் இருந்தால் பாட்டியாலா மோனோரயிலையும் பார்க்கலாம். 1907இல் ஓட ஆரம்பித்தது. ஒற்றைத் தண்டவாளத்தில் போகும், சாயாமல் இருக்க ஒரு பக்கம் பெரிய சக்கரம் ஒன்று தரையில் உருளும். "ஏன் விழல?" என்று கேட்கட்டும், உடனே பதில் சொல்லாதீர்கள்.

பெரியவளின் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். 1894இல் மெயில் ரயிலை எதிர்த்து முட்டிய யானை அது. மோதலில் செத்துப்போயிற்று. ஏழு வயதுப் பிள்ளை இதைத் தாங்கும். கோவைக்காரப் பெண்ணுக்கு இது பழைய கதையும் இல்லை. உங்கள் மதுக்கரைப் பக்கம் ரயிலில் அடிபட்டு எத்தனை யானைகள் போயின! இப்போது யானைகள் கடக்கத் தண்டவாளத்துக்கு அடியில் பாதை போட்டிருக்கிறார்கள். தண்டவாளத்தை நெருங்கும் யானைகளைக் கண்டுபிடித்து எச்சரிக்கக் கேமராக்களும் இருக்கின்றன. அந்த மண்டையோட்டிலிருந்து இந்தக் கேமரா வரைக்கும் அவளிடம் பேச உங்களுக்கு நிறைய இருக்கிறது. எனக்கு அந்தக் கூடத்திலேயே முக்கியமான பொருள் அதுதான்.

நின்றுபோன எஞ்சினைப் பார்த்தாயிற்று, ஓடுவதைக் காட்ட டெல்லி வரை போக வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை இன்றும் நீராவி எஞ்சின்தான் மலையேறுகிறது. 1899இல் திறந்த பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் இருக்கும், எஞ்சினின் பல்சக்கரம் அவற்றைப் பிடித்துக்கொண்டு ஏறும். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதால் கடைசிப் பெட்டியில் இடம் கிடைத்தால் நல்லது. வழியில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது பிள்ளைகளை இறக்கி அந்தத் தண்டுகளைக் காட்டுங்கள், சூடாக இருக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். லீவு தேதி தெரிந்ததும் முதல் வேலையாக முன்பதிவு செய்துவிடுங்கள்.