கொரொயிட்டில் உங்கள் ஊரைக் கேட்பார்கள்

அன்புள்ள தம்பிக்கு,

ஆஸ்திரேலியாவின் வார்னம்பூலுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது என்றும், பக்கத்து வீட்டுக்காரர் அருகிலுள்ள கொரொயிட் ஊரில் அயர்லாந்து வழிவந்தோர் கொண்டாடும் ஐரிஷ் விழாவுக்குக் குடும்பத்தோடு வரும்படி அழைத்திருக்கிறார் என்றும், “அது அவர்களுடைய கொண்டாட்டம், அங்கே நமக்கு என்ன வேலை” என்று மனைவி தயங்குகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். இந்தப் பக்கத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வாழ்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், தயங்காமல் போங்கள். ஆனால் வேடிக்கை பார்க்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே உங்களிடம் ஊர் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லத் தயாராகப் போவதுதான் முக்கியம்.

முதல் தடவை எனக்கு அது பிடிபடவில்லை. கொமர்ஷல் வீதியில் உருளைக்கிழங்கு சூப் விற்ற மேசைக்கருகே நின்றபோது, எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா என்னைப் பார்த்து, “உங்கள் ஆட்கள் எந்த இடம்?” என்று கேட்டார். இந்த நாட்டில் அந்தக் கேள்வியை வேறு தொனியிலும் கேட்டுப் பழகியிருந்ததால் எனக்குச் சுருக்கென்றது. “இலங்கை” என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பினேன். அவர் விடவில்லை. “நாட்டைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்டேன்” என்றார். உரும்பிராய் என்றேன். அங்கே என்ன விளையும் என்றார். வெங்காயம், உருளைக்கிழங்கு என்றேன். அந்த அம்மா கையிலிருந்த கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார், ஏனென்றால் கொரொயிட்டும் அந்த இரண்டினாலேயே பெயர் பெற்ற ஊர். எங்கள் செம்பாட்டு மண்ணுக்குப் பதிலாக இங்கே எரிமலை கக்கிய கரிய மண், அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு தன் பாட்டனாரின் தாய் அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்திலிருந்து கப்பலேறிய கதையை, நேற்று நடந்ததுபோல, ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த விழாவுக்கு வருகிறவர்களில் பலருக்கு முன்னோரின் மாவட்டம் தெரியும், சிலருக்குக் கப்பலின் பெயரும் தெரியும். யார் எந்த ஊர் என்று விசாரித்துக்கொள்வதுதான் அந்த வார இறுதியின் உண்மையான நிகழ்ச்சி என்பேன். நம்முடைய கலியாண வீடுகளில் “நீங்கள் எந்த ஊர், யாருடைய பிள்ளை” என்று தொடங்குவதில்லையா, அதுபோலத்தான்.

இவர்கள் ஏன் இங்கே வந்தார்கள் என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் பேச்சு எளிதாகும். 1840களின் தொடக்கத்தில், வில்லியம் ரட்லெட்ஜ் என்ற ஐரிஷ்காரர் டவர் ஹில் எரிமலையை அண்டிய 5,120 ஏக்கர் நிலத்தை ஏக்கருக்கு ஒரு பவுண் வீதம் வாங்கி, துண்டு துண்டாகப் பிரித்துக் குத்தகைக்கு விட்டார். குத்தகைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அவருடைய நாட்டுக்காரர்களே. பக்கத்துத் துறைமுகமான போர்ட் ஃபேரி 1887 வரை பெல்ஃபாஸ்ட் என்றே அழைக்கப்பட்டது; இடையில் உள்ள கடலோரக் கிராமத்துக்கு இன்றும் கிலார்னி என்றுதான் பெயர். இரண்டும் அயர்லாந்து ஊர்களின் பெயர்கள். ரட்லெட்ஜ் நிலம் வாங்கிய சில ஆண்டுகளில், 1845இல், அயர்லாந்தில் உருளைக்கிழங்குச் செடியில் அழுகல் நோய் விழுந்தது. நிலமெல்லாம் பிரபுக்களின் கையில் இருக்க, வாடகைக்குத் தானியமும், வயிற்றுக்குக் கிழங்கும் என்று வாழ்ந்த குடியானவர்களுக்குக் கிழங்கு போனதும் எல்லாம் போயிற்று. 1852 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையில் கடல் கடந்தார்கள். அப்படி வந்தவர்கள் கொரொயிட்டில் மீண்டும் உருளைக்கிழங்கையே நட்டார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும்.

பெட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1848 முதல் 1850 வரை, அயர்லாந்தின் ஏழை விடுதிகளிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அநாதைப் பெண்பிள்ளைகளை, பெரும்பாலும் பதினான்கு முதல் இருபது வயதுக்குட்பட்டவர்களை, பிரித்தானிய அரசு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. ஒவ்வொருத்தியின் கையிலும் ஒரு மரப்பெட்டி: ஆறு உட்சட்டை, இரண்டு ஃபிளானல் பாவாடை, ஆறு சோடி காலுறை, இரண்டு சோடி சப்பாத்து, இரண்டு கவுன். நான் கட்டுநாயக்கவில் விமானம் ஏறியபோது என் தாயார் கட்டித் தந்த பையில் இருந்தவற்றை எண்ணிப் பார்த்தேன். மிளகாய்த் தூளைத் தவிர்த்தால் அந்தப் பட்டியல் பெரிதும் வேறல்ல.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நிலம் வெறுமையாகக் கிடந்த நிலம் அன்று. அது இந்த மண்ணின் பூர்வகுடிகளான குண்டிச்மாரா மக்களுடையது, கொரொயிட் என்ற பெயரே அவர்களில் ஒரு குலத்தாரின் பெயரிலிருந்து வந்தது. நிலத்தை இழந்து வந்தவர்கள், நிலத்தை இழந்துகொண்டிருந்தவர்களின் மண்ணில் குடியேறினார்கள். நாங்களும் அதே மண்ணில்தான் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இனி நடைமுறை. பச்சைத் தொப்பியும் பிளாஸ்டிக் இலைகளும் விற்கும் கடைகளைக் கடந்து போய்விடுங்கள். பப்புக்குள் வாத்தியக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பதைத்தான் கேட்க வேண்டும்: ஃபிடில் எனப்படும் வயலின், தகரக் குழல், அவற்றோடு பௌரான் எனப்படும் ஆட்டுத்தோல் கருவி. அதை நம் தம்பட்டம்போல ஒரு கையால் பிடித்து, மற்றக் கையில் சிறு கட்டையோடு அடிப்பார்கள். உங்களுக்குத் தாளம் வரும் என்பதற்காக மேசையில் தட்டாதீர்கள். நான் தட்டி, ஃபிடில்காரரிடம் ஒரு பார்வை வாங்கியிருக்கிறேன். யாராவது வாத்தியமின்றித் தனியே பாடத் தொடங்கினால் கூடமே அடங்கிவிடும், அப்போது பிள்ளைகளையும் அடக்கிக்கொள்ளுங்கள். ‘டேனி பாய்’ பாடலுக்கு அங்கே போட்டியே நடக்கும். கேட்டுக் கண் கலங்குபவர்களிடம், அதன் வரிகளை எழுதியவர் ஃபிரெடெரிக் வெதர்லி என்ற ஆங்கிலேயர் என்பதைச் சொல்லாமல் இருப்பது நல்லது. மெட்டு என்னவோ அயர்லாந்துடையதுதான்.

யாராவது உங்களுக்குக் குடிக்க ஏதாவது வாங்கித் தந்தால், அடுத்த சுற்று உங்களுடையது. இதை இங்கே ‘ஷவுட்’ என்பார்கள். நீங்கள் எலுமிச்சைச் சோடாதான் குடித்தீர்கள் என்றாலும் கணக்கு கணக்குத்தான். இது தெரியாமல் நான் ஒரு விவசாயியிடம் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், மறு ஆண்டு அவரைத் தேடிப் பிடித்துக் கடனைத் தீர்த்தேன், அவர் மறந்திருக்கவில்லை. மது அருந்தினால் வண்டியை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள், இரத்தத்தில் 0.05 அளவை எட்டினாலே குற்றம். மரக்கறி மட்டும் உண்பவர்களாக இருந்தால் சூப்பில் இறைச்சி ரசம் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஏப்ரல் இறுதியில் கடற்காற்று எலும்பைத் துளைக்கும், ஆறு மணிக்குள் பொழுதும் பட்டுவிடும். ஆகவே குடையை நம்பாமல் தொப்பி வைத்த மழைச்சட்டை எடுத்துச் செல்லுங்கள்.

அங்கே நான் சந்தித்தவர்களில் ஐரிஷ் மொழி பேசத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. கப்பலேறி வந்த முன்னோரில் பலர் அதைத்தான் பேசியிருப்பார்கள். ஐந்து தலைமுறையில் ஊர்ப் பெயரும் மெட்டும் ஆட்டமும் தங்கிவிட்டன, மொழி தங்கவில்லை. உங்கள் மகளைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சேர்ப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதற்குத் தனியே எழுதுகிறேன்.

ஞாயிறன்று திரும்பும் வழியில் டவர் ஹில்லுக்குள் வண்டியை விடுங்கள். மரங்கள் வெட்டப்பட்டு மொட்டையாகிக் கிடந்த அந்த எரிமலைக் குழியில், 1855இல் தீட்டப்பட்ட ஓர் ஓவியத்தைப் பார்த்து எந்தச் செடி எங்கே நின்றது என்று கண்டறிந்து மறுபடி நட்டிருக்கிறார்கள். அங்கே எமு பறவைகள் சாப்பாட்டு மேசை வரை வரும். பிள்ளைகள் கையில் சாண்ட்விச் இருந்தால் வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உண்ணச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணா